லாப்விங்கின் பின்பக்கம் தாழ்ந்தபோது

கிளெனிஸ் ஹேக்கட் படகின் பின்தளத்தில் குப்புறப் படுத்து, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தபோது, தங்கை மொய்ரா சொன்ன நேரத்துக்கு முன்பே கரையில் வந்து நின்றாள்.

"கிளெனிஸ்! இந்தச் சேத்துல எவ்வளவு நேரம் நிக்கறது? வந்து பையை வாங்குடி!"

யாரோ கால்வாயில் வீசிய மெத்தை உறை, நீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் சுற்றியிருந்தது. மாதத்துக்கு இரண்டு தடவையாவது இந்தக் கூத்து உண்டு. விசிறிக்கு நேர்மேலே பெட்டிபோல ஒரு திறப்பு இருக்கும். அதன் மூடியைக் கழற்றிக் கைவிட்டு, சுற்றியதைக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். பிறகு மூடியை வைத்து, மேலே இரும்புப் பட்டையைப் போட்டு, திருகை இறுக்க வேண்டும். கிளெனிஸ் கடைசித் துண்டை இழுத்துப்போட்டாள். மூடியை வைத்தாள், பட்டையைப் போட்டாள், திருகில் கைவைத்தாள்.

"கிளெனிஸ்!"

எழுந்து போய்ப் பையை வாங்கினாள். திருகு இறுகவில்லை. தளப்பலகையை அதன்மேல் போட்டு மூடியவளும் அவள்தான்.

வுல்வர்ஹாம்ப்டனில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள் அவள். மணவிலக்கில் பங்காக வந்ததையெல்லாம் போட்டு, குடியிருக்க வாங்கியது இந்த லாப்விங் படகு. அறுபதடி நீளம், உள்ளே நின்று கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். படகு கட்டச் சொந்தத் துறை இல்லாதவர்கள் இரண்டு வாரத்துக்குள் இடம் மாறிவிட வேண்டும் என்பது சட்டம். அப்படி நகரும் நாளாகப் பார்த்துத்தான் விருந்தாளிகளைக் கூப்பிடுவாள். வழியில் கால்வாயின் மடைக்கதவுகளைத் தள்ள ஆள் கிடைக்கும். அவளுடைய காப்பீடு பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும். படகு மூழ்கினால் அவளுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

போன குளிர்காலத்தில் கூரைப் பனியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மொய்ரா தன் வீட்டுப் பின்னறையைக் காலிசெய்து வைத்துக் காத்திருந்தாள். அங்கே குடிவருவாளா, மாட்டாளா என்று அக்கா இன்று பதில் சொல்லியாக வேண்டும். கிளெனிஸுக்கும் மனம் பாதி சாய்ந்துதான் இருந்தது.

படகு கிளம்பியது. பேருந்துப் பணிமனைக் காலத்து நண்பர் டெல்ராய் கரையோரமாகவே நடந்து வந்தார். மொய்ரா தேநீர்க் கோப்பையோடு அக்காவின் பக்கத்தில் பின்தளத்தில் நின்றாள்.

"குளியல் தொட்டி இருக்கு. ராத்திரி எழுந்து அடுப்புல கரி போட வேணாம். கக்கூஸ் டப்பாவைத் தூக்கிட்டுப் போய்க் கொட்ட வேணாம்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அவரை யார் கேட்டா?"

கிளெனிஸ் சிரித்தாள். வாய்திறந்து பதில் சொல்லப்போன நேரம், கரையிலிருந்து டெல்ராய் கத்தினார்.

"கிளென்! உன் படகு அந்தப் பாலத்துலேருந்து நிக்காம ஒண்ணுக்குப் போகுதே! டாக்டர்கிட்ட காட்டினியா?"

அவள் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். அடித்தளத்துத் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் குழாயிலிருந்து கையளவு தடிமனில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. படகின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது. பலகையைத் தூக்கினாள். எஞ்சின் பாதி கறுப்புத் தண்ணீரில். மூடி நழுவி ஓரமாய்க் கிடக்க, விசிறி அடித்த அடியில் திறப்பு வழியே நீர் குபுகுபுவென்று மேலே வந்தது.

எஞ்சினை அணைத்தாள். நீர் நிற்கவில்லை. பாரத்தில் பின்பக்கம் இறங்கி, திறப்பின் விளிம்பே கால்வாய் மட்டத்துக்குக் கீழே போயிருந்தது. நீர் வர வர பாரம். பாரம் ஏற ஏற இன்னும் நீர்.

"மொய்ரா, உள்ளே போ. அந்தக் கோடிக்கு, முன்தளத்துக்குப் போ."

"நான் கரைக்குக் குதிச்சிடறேன்."

"குதிச்சா நடுவுல விழுவ. படகு வந்து நசுக்கிடும்."

மொய்ரா கைப்பிடியை விடவில்லை. முகம் வெளுத்திருந்தது. கெஞ்ச நேரமில்லை. கிளெனிஸ் அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தாள். நெரிசல் நேரத்தில் பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கும் குரல் அது.

"வாசல்ல நிக்காதீங்க! உள்ளே போங்க! முன்னாடி நகருங்க!"

மொய்ரா நகர்ந்துவிட்டாள். சமையலறை, படுக்கை, கரியடுப்பு என்று முட்டியும் இடித்தும் அவள் ஓடுவது கேட்டது. மிதந்துபோன படகின் முனை அதற்குள் கரையை உரசியது.

"டெல்ராய், முன்னாடி ஏறுங்க! உங்க தொப்பைக்கு இன்னிக்குத்தான் வேலை!"

"இதுக்காகத்தான் வளர்த்தேன்!" என்றபடி அவர் ஏறினார். சிரிப்பில்லை.

முன்பக்கம் அமிழ்ந்தது. பின்பக்கம் ஒரு விரல்கடை எழுந்திருக்கும், அவ்வளவுதான். நீர் வரத்து தளர்ந்தது. கிளெனிஸ் எண்ணெய் கலந்த குளிர்நீரில் முட்டிபோட்டு மூடியைத் துழாவி எடுத்தாள். வைத்தாள், தண்ணீர் தள்ளியது. மார்பால் அழுத்திக்கொண்டே பட்டையைச் செருகித் திருகினாள். முறிந்து கூடிய மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. விரல்கள் மரத்தன. கையை மாற்றித் திருகினாள். இன்னும் ஒரு சுற்று. இன்னும்.

சலசலப்பு நின்றது. பம்ப் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

டெல்ராய் கரையில் இறங்கிப் படகை இழுத்துக் கட்டினார். மொய்ரா பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியோடு பின்தளத்துக்கு வந்து, யாரும் சொல்லாமலே தண்ணீரை மொண்டு கொட்டத் தொடங்கினாள்.

"ஓட்டை விழுந்திடுச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழைய இரும்பு, யார் மேலும் குற்றமில்லை.

"இல்லை. மூடியை நான்தான் இறுக்கலை. பாதியில எழுந்து வந்துட்டேன்."

"நான் கூப்பிட்டதால."

"நீ கூப்பிட்டே. இறுக்காம வந்தது நான்."

மொய்ராவின் கை நின்றது. "அப்ப பின்னறைக்கு வந்துடு. அங்கே எதையும் இறுக்க வேணாம். நீ தூங்கலாம், டிவி பார்க்கலாம்."

கிளெனிஸ் நனைந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் எண்ணெய்க் கறை படிந்தது.

"வரலை, மொய்ரா."

"இவ்வளவு நடந்த பிறகுமா?"

"படகு போயிடுச்சுன்னு நினைச்சேன் பாரு, அப்ப உன் பின்னறை ஞாபகத்துக்கே வரலை. இதை எப்படிக் காப்பாத்தறதுன்னு மட்டும்தான் மனசுல ஓடுச்சு."

"பைத்தியம்," என்றாள் மொய்ரா. கண்ணில் நீர் நின்றது. தொட்டி நிறைய அழுக்குத் தண்ணீரை மொண்டு ஆத்திரத்தோடு பக்கவாட்டில் வீசினாள். கரையில் குனிந்து கயிற்றை முடிந்துகொண்டிருந்த டெல்ராய் தலையோடு காலாக நனைந்துபோனார்.