வாசலில் யாருமில்லை

ஆண், பெண் என்ற பிரிவே இல்லாத ஒரு கோளைப் பற்றிய நாவலைப் படமாக்கிக்கொண்டிருந்தேன். அதற்குக் குரல் கொடுக்க, மல்லாவியில் தையல்கடை வைத்திருக்கும் திருநங்கை அக்கா ஒருவர் சம்மதித்தார். அவர் வீட்டிலேயே பதிவுசெய்தோம்.

"ஒருக்கா உங்கட பழைய ஆம்பிளைக் குரலில சொல்லுங்கோ அக்கா."

"அது வேண்டாம்."

நான் விடவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "நான் வந்திட்டன்" என்ற வசனத்தைச் சொன்னார். அறைக்குள் வேறு யாரோ நிற்பதுபோல இருந்தது.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அவருடைய தாய் ஓடிவந்தார். அக்காவைக் கடந்துபோய், வெறும் வாசலைப் பார்த்து, "ராசா, எப்ப வந்தனி?" என்றார்.

"மகள் எண்டு கூப்பிட வைக்க எனக்குப் பத்து வருசம் பிடிச்சது," என்றார் அக்கா மெதுவாக.

பதிவை உடனே அழித்தேன். என் படத்துக்காக நான் கேட்டிருக்கவே கூடாத குரல் அது. வெளியே, அம்மா இன்னும் முற்றத்தில் தேடிக்கொண்டிருந்தார்.