அண்ணி கையில் இருந்த பீஸ் கட்டை

என் அண்ணன் செத்தது என்னால். பழியைச் சுமப்பது என் அண்ணி. சுமத்தியவன் நான்!

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன். ராசிபுரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை. கரண்ட் விஷயத்தில் எங்கள் ஊரில் என் பேச்சுதான் முடிவு. அதுதான் கேடாயிற்று...

எங்கள் கிணற்றில் மூன்று பேஸ் மோட்டார். கோடையில் இரண்டு பேஸ்தான் வரும், மோட்டார் கிளம்பாது. அதற்காகக் கண்டன்சர் பெட்டி ஒன்று செய்து, மோட்டார் ரூமின் வெளிச்சுவரில், கிணற்றைப் பார்த்தாற்போல மாட்டினேன். பொத்தானை அழுத்தினால் கண்டன்சர் ஓர் உதை கொடுக்கும். மோட்டார் சுற்றியதும் விட்டுவிடலாம்.

"உள்ள என்னடா இத்தன சாமான்? கரண்டுக்குத் தனிக்குடித்தனம் வெச்சுக் குடுத்திருக்கியா?" என்று அண்ணன் சிரித்தான்.

"ரெசிஸ்டர் கரண்டத் தின்னு சூடாகும்ணா. காயில் முரண்டு பண்ணும், சட்டுனு உள்ள உடாது, சட்டுனு வெளியவும் உடாது. கண்டன்சர் வாங்குனத உள்ளயே வெச்சுக்கும். மெயின அணைச்சாலும் இருக்கும். அதுக்குத்தான் குறுக்க இந்தச் சின்ன ரெசிஸ்டரு. மிச்சத்தத் தின்னுபோடும்."

"உன்னாட்டம் திங்கறதுக்குன்னே ஒருத்தன்!"

அந்தச் சிரிப்பு... இன்னும் காதில் இருக்கிறது.

அந்தச் சின்ன ரெசிஸ்டரை நான் கழற்றினேன். எதற்கு? என் ரேடியோவில் அதே அளவு ரெசிஸ்டர் கருகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு கேட்க வேண்டும்... அவ்வளவுதான்! திங்கட்கிழமை கடையிலிருந்து வேறொன்று கொண்டுவந்து போட்டுவிடலாம் என்றிருந்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மதியம் மோட்டார் கிளம்பவில்லை. இரண்டு மூன்று முறை பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, அண்ணன் பெட்டியைத் திறந்திருக்கிறான். ரூமுக்குள், பீஸ் கட்டைகள் இருக்கும் மெயின் பெட்டியருகே நின்ற அண்ணியிடம், "கட்டையப் புடுங்கியாச்சா?" என்று கேட்டிருக்கிறான்.

"மூணையும் புடுங்கிட்டேனுங்க!"

ஒயரைத் தொட்டான். தூக்கி எறிந்தது. பின்னால் கிணறு... கோடையில் அடியில் வெறும் பாறை.

நான் அப்போது வீட்டில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அலறிக்கொண்டு ஓடி வந்த அண்ணியின் கையில் மூன்று பீஸ் கட்டைகளும் இருந்தன. ஊரே பார்த்தது. பார்த்து என்ன?

"அவன் உழுந்த பொறவு புடுங்கியிருக்கா. முன்னயே புடுங்கியிருந்தா கரண்டு எப்புடி அடிக்கும்?" என்றாள் அம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள்.

மூன்றாம் நாள், கூடியிருந்தவர்கள் முன்னால் அண்ணி என்னிடம் கேட்டாள்: "கொழுந்தனாரே, உங்களுக்குத்தான் தெரியும். கட்டையப் புடுங்குன பொறவும் கரண்டு இருக்குமுங்களா?"

ரேடியோவிலிருந்து அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கி, யாரும் பார்க்காமல் பெட்டியில் பழையபடி பற்றவைத்துவிட்டு வந்திருந்தேன். கை விரலில் ஈயம் சுட்ட புண் கூட ஆறவில்லை.

"இருக்காதுங்க அண்ணி."

எப்படி வாய் வந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு மகனை இழந்த தாய் இன்னொருவனையும் வெறுத்துவிடுவாளே என்று பயந்தேன். இல்லை... அது சாக்கு. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அண்ணியைத் தம்மம்பட்டிக்கு, பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். போன மாதம் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன்... சத்தியமாக! சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு அவளே பேச ஆரம்பித்தாள்.

"ரெண்டு கட்டதான் புடுங்கியிருப்பேனாட்டம் இருக்குது சாமி. மூணாவத அவரு உழுந்த பொறவு புடுங்கியிருக்கோணும். இப்பத்தான் நெனப்பு வருது. நீங்க சொன்னது சரிதானுங்க."

நடக்காத ஒன்று அவள் நினைவுக்கு வந்துவிட்டது! என் வார்த்தையை நம்பி...

தண்ணீரைக் குடித்தேன். சொம்பைக் கீழே வைத்தேன்.

"வாரேனுங்க அண்ணி" என்று எழுந்து வந்துவிட்டேன்.