அக்குவேறு டீச்சரும் எத்தனாலும்

அந்த வேதியியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அக்குவேறு டீச்சர். எந்தச் சேர்மத்தின் பெயரையும் கரும்பலகையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டால்தான் அவருக்கு மனசு ஆறும். எத்தனால் பாடம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஒரு பீரியட் முழுக்க அதற்கே போய்விடும்.

“முதல்ல ‘எத்’. ஈதர்ங்கிற பேர்லேர்ந்து வந்தது. கிரேக்கத்துல எரியறது, ஒளிர்றதுன்னு அர்த்தம். நடுவுல ‘அன்’, கார்பனுக்குள்ள ஒற்றைப் பிணைப்புதான்னு சொல்லுது. கடைசி ‘ஆல்’, ஆல்கஹாலோட வால். அந்த ஆல்கஹால் எங்கேர்ந்து வந்துச்சு? அரபியில அல்-குஹ்ல். கண்ணுக்குப் போடற மை!”

“மை எப்படி டீச்சர் சாராயம் ஆச்சு?” என்று கடைசி பெஞ்சு கேட்கும்.

“நைசா அரைச்ச மைக்கு வச்ச பேரை, அப்புறம் எதோட சாரத்துக்கும் வச்சாங்க. ஒயினைக் காய்ச்சி இறக்கின சாரத்துக்கும் வச்சாங்க. மத்ததெல்லாம் போச்சு, இது மட்டும் ஒட்டிக்கிச்சு.”

அதைக் குடித்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்ற பத்தியை மட்டும் ‘வீட்ல படிச்சுக்குங்க’ என்று தாண்டிவிடுவார். அந்தப் பத்தி அவர் வீட்டில் தினமும் நடந்துகொண்டிருந்தது. கணவர் சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் பாட்டிலை வைப்பார். டீச்சர் அதை நகர்த்தி, அலமாரித் தட்டைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் திருப்பி வைப்பார். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டிலும் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கௌரவம் என்றால் அப்படி ஒரு கௌரவம்.

கணவருக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மயக்க மருந்து டாக்டர் கட்டிலருகே வந்து, “குடிப்பழக்கம் உண்டா?” என்று கேட்டார்.

“எப்பவாவது, ஒரு வாய்,” என்றார் கணவர்.

டாக்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். “மறைக்காதீங்கம்மா. தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து.”

டீச்சர் “எத்தனால்...” என்று ஆரம்பித்தார். “அதாவது டாக்டர், ஈதர்ங்கிற பேரு...”

பாடம் நடத்திப் பழகிய வாய், தெரிந்த வழியில் ஓடப் பார்த்தது.

“குடிக்கிறாரா, இல்லையாம்மா?”

“குடிக்கிறார். தினமும். காலைல எழுந்ததுமே.” சொல்லிவிட்டு, பயத்தில் அழுதுவிட்டார்.

டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைப்பதாகச் சொல்லி நர்ஸைத் தேடிப் போனார். கணவர் கத்தப்போகிறார் என்று டீச்சர் காத்திருந்தார். கணவரோ போர்வையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டார்.

“உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ஒரு நாளாவது எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?”