எதிர்கால வீட்டை வரையச் சொன்ன வீட்டுக்காரர்

நாங்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு இலவசமாக வாழ்க்கை வழிகாட்டுகிறார். இன்று, "எதிர்காலத்துல நீங்க குடியிருக்கப் போற ஊட்ட வரைங்க கண்ணுங்களா" என்றார்.

நான் இப்போது இருக்கும் ஒற்றை அறையையே வரைந்தேன்.

"ஏன் கண்ணு, கனவுகூட இத்துனூண்டுதானா?" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

"பப்ளிக் பரீட்சை முடியற வரைக்கும் இதுல இருந்தாப் போதும் சார்."

அவர் சிரிப்பு மட்டும் நின்றது. எங்கள் அறையைப் பனியன் கம்பெனி ஆட்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப்போகிறாராம். போன வாரம்தான் அம்மாவைக் காலி செய்யச் சொன்னார்.

என் படத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் போட்டோ எடுத்து, 'கனவுகளை விதைக்கிறோம்' என்று போஸ்ட் போட்டிருக்கிறார்.

அம்மாவுக்குத் தெரியாமல், பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். கமெண்டில் அவரைத் தாராளமாகத் திட்டுங்கள். ஷேர் மட்டும் வேண்டாம். அந்த வள்ளல் இங்கேதான் லைக் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.