வளைகாப்பு வளையலும் இரண்டு கினிப் பன்றிகளும்

கினிப் பன்றி வளர்க்கலாமா என்று கேட்டது என் கணவர்தான். சரி என்றேன். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யானை வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாலும் அதே சரிதான்.

அதற்கு முன்பு, கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. தெரிந்த ஆன்ட்டிகள் எல்லோரும் வந்து இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அம்மாவின் வளையல் சத்தம் கேட்கும், அதுதான் துணை என்றார்கள். கணவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து வந்ததும், தோளில் தொங்கும் லேப்டாப் பையைக்கூட இறக்காமல், என் மணிக்கட்டைப் பிடித்து வயிற்றருகே குலுக்கி, "கேக்குதா பாப்பா?" என்பார்.

அடுத்த மாதமே பாப்பாவின் இதயத் துடிப்பு நின்றுவிட்டது. பிரசவம் நடந்தது, குழந்தை அழவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வளையல்களைக் கழற்றச் சொன்னபோது முடியாது என்றேன். பிள்ளை பிறந்த பிறகுதான் கழற்றுவார்கள். இப்படிப் பிறந்தால் எப்போது கழற்றுவது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அவள் பெருமூச்சு விட்டு, வளையல்கள் மேல் துணிக்கட்டைச் சுற்றிவிட்டாள். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தேன். வளையல்கள் கையிலேயே கிடந்தன.

"அழுதுடும்மா, அழுதாதான் பாரம் குறையும்" என்று ஒரு ஆன்ட்டி சாம்பாரோடு வந்து சொன்னார். சாம்பார் நன்றாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதன் பிறகு அதுவும் வரவில்லை. என் கணவருக்கோ வளையல் சத்தம் ஆகாமல் போயிற்று. நான் பாத்திரம் கழுவ ஆரம்பித்தால் அவர் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

கினிப் பன்றிக்காக, கைவிடப்பட்ட பிராணிகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு அமெரிக்கப் பெண்மணியிடம் போனோம். இந்த இரண்டும் ஜோடி, பிரிக்கவே கூடாது என்றாள். ஒன்றை டாக்டரிடம் கொண்டுபோனாலும் மற்றதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பது சாப்பிடாதாம். முன்பு இருந்த இடத்தில் யாரும் தொட்டதே இல்லை, அதனால் மனிதர்களைக் கண்டால் நடுங்கும், அவசரப்படாதீர்கள் என்றும் சொன்னாள். இரண்டும் முயல் குட்டி அளவில், வாலில்லாமல் இருந்தன; ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளையில் பழுப்புத் திட்டு. காரில் வரும்போது கறுப்பின் முதுகில் மற்றது முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஈரோட்டிலிருந்து மாமியார் போன் செய்தார்.

"என்னப்பா, எலியா வாங்கியிருக்கே?"

"கொஞ்சம் பெரிய எலிம்மா."

"அது கிடக்கட்டும். அவ கையில இன்னும் அந்த வளையல்தான் இருக்குதா?"

என் கணவர் அவசரமாகப் போனின் ஸ்பீக்கரை அணைத்தார்.

பாப்பாவுக்கென்று மஞ்சள் பெயின்ட் அடித்த அறையில் கூண்டு போயிற்று. வேறு இடம் இல்லை என்றார். இருந்தது.

இரண்டும் கூண்டுக்குள்ளிருந்த மரப்பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. தினமும் சாயங்காலம் கொத்தமல்லி வைப்பது என் வேலை. இந்தியன் ஸ்டோரில் வாங்கிய கட்டிலிருந்து நாலு கொத்து கிள்ளி எடுத்துக் கையை உள்ளே நீட்டுவேன். வளையல் குலுங்கும். பெட்டிக்குள் தடதடவென்று ஓட்டம். நான் அறையைவிட்டுப் போன பிறகுதான் தின்னும். யாருக்கும் நான் தேவைப்படவில்லை என்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

ஒருநாள் அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார். "அந்தச் சத்தத்துக்குத்தான் பயப்படுதுங்க. கழட்டிடேன்."

"அதுங்களுக்கா பயம், உங்களுக்கா?"

அவர் திரும்பி நடந்தார். "கழட்ட மாட்டேன். பயந்தா பயப்படட்டும்" என்று கத்தினேன். பெட்டிக்குள் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பாவம், எங்கள் சண்டையில் அதுகள் என்ன செய்யும். அதன் பிறகு நாங்கள் இருவரும் வளையல் பேச்சை எடுக்கவில்லை. வேறு பேச்சும் பெரிதாக இல்லை.

குளிர்காலம் ஆரம்பித்த பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. அன்று கொத்தமல்லி வைக்க அவர் போனார். படுக்கையிலிருந்தே அவர் கெஞ்சுவது கேட்டது. "வாங்கடா, வாங்க... கண்ணுங்களா, கம் ஆன்." பெட்டிக்குள்ளிருந்து ஒரு அசைவும் இல்லை போலிருக்கிறது. இப்படி ஒரு மனிதர் கொத்தமல்லியோடு மல்லுக்கட்டுவதைக் கேட்கச் சகிக்காமல் எழுந்து போனேன்.

அறை வாசலில் நின்று, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினேன். வளையல்கள் சரிந்து குலுங்கின.

வீல் என்று ஒரு கத்தல். விசில் அடித்த மாதிரி. உடனே இன்னொன்று. எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து வாயே திறக்காத இரண்டும் பெட்டியைவிட்டு ஓடி வந்து, கூண்டுக் கம்பியில் முன்கால்களை வைத்து நின்று, என்னைப் பார்த்துக் கத்தின.

அவர் கொத்தமல்லியைப் பிடித்தபடியே திரும்பினார். "நான் எவ்வளவு நேரமா கூப்பிடறேன்... உன் வளையலுக்கு வருதுங்க."

நம்பாமல் கையை இன்னொரு முறை ஆட்டினேன். மறுபடி அதே கத்தல், இரண்டு குரலிலும். பெட்டிக்குள் ஒளிந்துகொண்டே அத்தனை நாளும் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகியிருக்கின்றன. மஞ்சள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில் வராதது, சாம்பார் ஆன்ட்டிக்கு வராதது, மூக்கு ஒழுக, அசிங்கமாக வந்தது.

அவர் கொத்தமல்லியைக் கூண்டுக்குள் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்து மாடிக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பழையபடி மெல்லக் குலுக்கினார்.

தின்றுகொண்டிருந்த இரண்டும் தலையைத் தூக்கிக் கத்தின.

"கேக்குது" என்றார்.