ஊரைத் தாண்டிய பாலம்

எங்கள் ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில்வே மேம்பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்க வேண்டும். தகரக் கூரைகள் தெரியும், பூட்டிய ஷட்டர்கள் தெரியும், ஆளில்லாத ஒரு ஸ்டேஷன் தெரியும். ஆனால் யாரும் நிறுத்துவதில்லை. திருப்பூர் போகிற அவசரத்தில் கீழே ஒரு ஊர் கிடப்பதே ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? ஊர்க்காரனே ஊரைப் பற்றி யோசிக்கவில்லை. பஸ்ஸில் போகிறவனுக்கு என்ன தலையெழுத்து!

அந்த ஊரில்தான் நான் டீக்கடை வைத்திருந்தேன். ஸ்டேஷனை ஒட்டி ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் ரயில்வே கேட் இருந்தது. அதற்குப் பக்கத்துக் கடை என்னுடையது.

ஆசைப்பட்டு வைத்த கடை இல்லை. கல்யாணமாகி வந்தபோது என் கணவரும் அவருடைய அண்ணனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணனை நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மானாவாரிக் காட்டில் ஷெட் போட்டு அவர் பனியன் கம்பெனி ஆரம்பித்தார். என் கணவர் அங்கே நூல் இறக்கினார், கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட்டினார், வாட்ச்மேன் வராத நாளில் கம்பெனி வாசலையும் காத்தார். ஒருநாள் சோறு போடும்போது நான் கேட்டுவிட்டேன்.

“ஏனுங்க மாமா, கம்பெனில உங்க தம்பி யாருங்க? மொதலாளிங்களா, வேலையாளுங்களா?”

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். “ஒரே ஊட்டுல இனி ஒட்டுக்கா இருக்க முடியாது. போங்க. எங்க போனாலும் ஒருநாள் எம்பட வாசல்ல வந்துதான் நிக்கோணும்.”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு வாய் கிடையாது, அவருக்கும் சேர்த்து எனக்குத்தான் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அதற்குமேல் அதைத் திறக்கவில்லை. ‘நீங்கதான் எங்கிட்ட வந்து நிப்பீங்க’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பெட்டியைத் தூக்கினேன். கேட் பக்கம் வந்து கடை போட்டோம். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இத்தனை வருஷம் அந்தக் கடையைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கடை நன்றாகவே ஓடியது. அது எங்கள் கைராசி இல்லை, கேட் ராசி. கேட் கீப்பர் அறையில் போன் மணி அடித்தால் ரயில் வருகிறது என்று அர்த்தம். மணிச் சத்தம் கேட்டவுடன் என் கணவர் பாலை ஏற்றிவிடுவார். கேட் இறங்கி முடிக்கும்போது நான் டம்ளர் தட்டோடு நடுரோட்டில் நிற்பேன். பஸ் ஜன்னல், லாரிப் படி, பைக்கில் குறுக்கே உட்கார்ந்திருக்கும் பொடுசுகள் என்று கை நீண்டுகொண்டே இருக்கும். கேட் ஏறுவதற்குள் டம்ளரைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அதில் பிசகினால் டம்ளர் பல்லடம் போய்விடும். ஒரு ரயில் போய் அடுத்த ரயிலுக்கும் சேர்த்துக் கேட் மூடியே இருந்தால் அதற்கு ‘ரெட்டை’ என்று பெயர். ரெட்டை விழுந்தால் போண்டா சட்டி காலி. காத்திருக்கிறவன் ஒவ்வொருவனும் அந்தக் கேட்டைத் திட்டுவான், ரயிலைத் திட்டுவான், சர்க்காரைத் திட்டுவான். திட்டிக்கொண்டே இன்னொரு டீ கேட்பான். எங்கள் ஊர் அந்த வசவில்தான் சோறு தின்றது.

காலை பாசஞ்சர் வந்து நின்றால் ஸ்டேஷன் கொள்ளாது. ஈரோட்டுப் பக்கத்துப் பெண்கள், மதுரைக்குத் தெற்கே இருந்து வந்தவர்கள், முதுகில் மூட்டையோடு இந்திக்காரப் பையன்கள். நல்லூர், வேலம்பாளையம், அருள்புரம் கம்பெனி வேன்கள் வாசலில் வரிசையாக நின்று ஆளை அள்ளிக்கொண்டு போகும். காட்டை விற்காமல் வைத்திருந்தவர்களெல்லாம் அதில் வரிசையாக லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். பேக்கரி வந்தது, செல்போன் கடை வந்தது, இந்தியில் போர்டு எழுதிய மெஸ் வந்தது. பெரிய மாமா என் கடைக்கு அடுத்த இடத்திலேயே கல்யாண மண்டபம் கட்டினார். அதோடு ஊருக்குத் திமிரும் வந்தது. வாடகைக்கு இருப்பவர்கள் ஊர்க் குழாயடிக்கு வரக்கூடாது என்று பேசிய மகராசிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய மாமாவின் காரும் அந்தக் கேட்டில் நிற்கும். என் கடைக்கு நேராக நிற்கும். முன்னால் பின்னால் இருக்கிற வண்டிக்காரன் எல்லாம் டீ குடிப்பான், அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள்கூட, ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. நானும் தட்டோடு அந்தக் காரை மட்டும் தாண்டிப் போவேன். ‘இரு, ஒருநாள் நீ கேப்ப. அன்னைக்கு நான் இல்லைன்னு சொல்றேன்’ என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்தக் கோயிலிலும் நான் கண்டதில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்து கேட்டில் மாட்டியது. உள்ளே தையல் வேலை செய்யும் ஒரு வடக்கத்திப் பெண், பிரசவ வலி. அன்றைக்கென்று பார்த்து ரெட்டை. என் கடைக்கு முன்னாலேயே குழந்தை பிறந்துவிட்டது. வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் ரோட்டில் நின்ற அத்தனை பேரும் கேட்ட அந்த அலறலை மறக்க முடியாது. பாலம் வேண்டியதுதான், இல்லையென்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் பாலத்துக்குக் கொடி பிடித்தது யார் என்றால் பெரிய மாமா. அந்தப் பெண் எந்த லைன் வீட்டில் இருக்கிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது. தூத்துக்குடிக்குப் போகிற அவருடைய கன்டெய்னர் லாரி கேட்டில் நின்று நின்று தாமதமானதுதான் அவர் கவலை. ஊரைத் திரட்டித் தண்டவாளத்தில் உட்கார வைத்தார். அதிகாரிகள் வந்து பேசினார்கள். பாலம் கட்டித் தருகிறோம், பாலம் திறந்தால் கேட்டை நிரந்தரமாக மூடிவிடுவோம் என்று மைக்கில்தான் சொன்னார்கள். முதல் பாதியைக் கேட்டவுடன் ஊர் கைதட்ட ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு பாலத்துக்கு இடம் அளக்க வந்தார்கள். மஞ்சள் அடித்த கல்லை நட்டுக்கொண்டே போனார்கள். பாலத்தின் ஏற்றம் பெரிய மாமாவின் குடோனில் ஆரம்பித்து, இந்தப் பக்கம் கடைத்தெருவில் இறங்கியது. அட கெரகமே! அன்றைக்கு ஊரில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

பெரிய மாமா கோயமுத்தூர் போனார், சென்னை போனார், தெரிந்த ஆளைப் பிடித்தார். கல் நகர்ந்தது. நகர்ந்த கல் கட்டிங் வேஸ்ட் வாங்கி விற்கும் பாயின் குடோனில் போய் நின்றது. கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துணியை மலைபோல அடுக்கி வைத்திருப்பார் அவர். “தங்கச்சி, பாலம் ஊருக்குப் பொது. அதுக்கு எங்குடோன்தானா கெடச்சுது?” என்று என் கடையில் உட்கார்ந்து புலம்பிவிட்டு, அவரும் ஒரு ஆளைப் பிடித்தார். கல் மறுபடியும் நகர்ந்தது. பிறகு லைன் வீட்டுக்காரர்கள், பேக்கரிக்காரர், ஆளாளுக்கு ஒரு சொந்தக்காரன், ஒரு கட்சிக்காரன். கடைசியில் கல் கல்யாண மண்டபத்துக்கும் என் கடைக்கும் நடுவில் வந்து நின்றது. பெரிய மாமாவிடம் போய் நிற்பதைவிடக் கடையை இடிக்கட்டும் என்று இருந்தேன். அவர் தன் மண்டபத்துக்காகத் தள்ளிய தள்ளில் என் கடையும் தப்பித்தது.

எல்லோரும் சேர்ந்து தள்ளியதில் பாலம் ஊரையே விட்டு வெளியே போய்விட்டது. குளத்து மேட்டுக்கு அப்பால் ஏறி, தென்னந்தோப்பைத் தாண்டி, யாரோ கண்காணாதவன் நிலத்தில் இறங்கியது. பாலம் எங்கள் இடத்தில் இறங்காமல் இருந்தால் கருப்பராயனுக்குக் கெடா வெட்டுகிறோம் என்று ஆளாளுக்கு வேண்டியிருந்தார்கள். அதையும் ஒரே நாளில் வெட்டினார்கள். சொந்தபந்தம், ஒறம்பரை, கட்சிக்காரர்கள் என்று கோயில் தோப்பு நிறைய இலை விழுந்தது. பந்தியில் நான் கேட்டேன்.

“ஊருக்கு வெளிய ஏறி ஊருக்கு வெளிய எறங்குனா, ஊருக்குள்ள யாருங்க வருவாங்க?”

பெரிய மாமா இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். “பாலத்துல போறவன் போவான், கேட்டுல வர்றவன் வருவான். கேட்டு எங்க போகுது? என்னால உன்ற கடையும் தப்பிச்சுது. அதைய நெனச்சுக்கிட்டுச் சாப்பிடு அம்மிணி.”

எரிச்சலில் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆட்டுக்கறி என்ன பாவம் பண்ணியது!

பாலம் திறந்த வாரத்தில் கேட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். ஊர் நடுவில் வகிடு எடுத்ததுபோல் இரண்டாகிவிட்டது. எதிர்த்த பக்கம் இருக்கிற ரேஷன் கடைக்குப் போக, குளத்து மேடு வரை நடந்து பாலமேறி தென்னந்தோப்பு சுற்றி வர வேண்டும். அப்போதுதான் ஊருக்கு மைக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. சுரங்கப் பாதையாவது கேட்டிருக்கலாமே என்று அதன் பிறகு பேசினார்கள். கேட்க வேண்டிய நேரத்தில் எல்லோரும் கல்லையல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

பஸ்ஸெல்லாம் தலைக்கு மேலே போனது. கம்பெனி வேன்கள் ஸ்டேஷனுக்கு வரச் சுற்ற வேண்டியிருந்ததால், திருப்பூர் ஸ்டேஷனுக்கே வந்து இறங்குங்கள் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார்கள். இங்கே டிக்கெட் குறைந்தது. கொரோனாவில் நின்ற பாசஞ்சர் திரும்ப ஓடத் தொடங்கியபோது எங்கள் ஊரில் நிற்கவில்லை. ஆளே ஏறாத ஊரில் எதற்கு நிற்கும்? லைன் வீடுகள் காலியாயின. பேக்கரி மூடியது. பாய் குடோனை அருள்புரத்துக்கு மாற்றிக்கொண்டார். போகும்போது என் கடையில் டீ குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

என் கணவர் வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். அண்ணன் கம்பெனியில் பார்த்த அதே வேலையை அடுத்தவன் கம்பெனியில் பார்க்கிறார். நான் மட்டும் கடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பால்காரர் வருவது நின்று, பாய்லர் பற்றவைப்பது நின்ற பிறகும் காலையில் போய் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். யாராவது கேட்டால், சாயங்கால வியாபாரம் மட்டும் என்பேன். கடை செத்துவிட்டது என்று பெரிய மாமா காதுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அவரே வந்தார். காரில் இல்லை. தண்டவாளச் சுவரில் யாரோ குறுக்கே போக ஓட்டை போட்டிருந்தார்கள், அதில் குனிந்து நுழைந்து நடந்து வந்தார். வேட்டியில் கறுப்பு மசி ஒட்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“அம்மிணி, கம்பெனிக்கு ஆளே வர்றதில்ல. பாதி ஷெட்டு பூட்டிக் கெடக்குது. கேட்டத் தொறக்கச் சொல்லி மறுபடியும் தண்டவாளத்துல உக்காரலாம்னு இருக்கறோம். கேட்டுத் தெருப் பொம்பளைங்க வந்தாத்தான் எடுபடும். நீ சொன்னா வருவாங்க.”

இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் வாயில் வந்தது.

“பாலம் எங்க எடத்துல எறங்கக் கூடாதுன்னு கெடா வெட்டினீங்கல்லோ, அந்தக் கெடாவ எந்திரிச்சு வரச் சொல்லுங்க மாமா. அதையக் கூட்டிக்கிட்டுப் போயி உக்காருங்க.”

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு எந்தக் காரிலிருந்தும் அவர் கேட்காததைக் கேட்டார்.

“ஒரு டீ போடு அம்மிணி. தொண்டை வறண்டு போச்சு.”

எத்தனை ரெட்டைக்கு நடுவில், எத்தனை தட்டைத் தூக்கிக்கொண்டு, இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன்! பதில்கூட எப்போதோ தயார். அந்தப் பதிலைச் சொல்ல ஒரு கால்படிப் பாலாவது கடையில் இருந்திருக்க வேண்டாமா?

“பால் இல்லீங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக எழுந்தார்.

“உனக்கு இன்னும் மனசு ஆறல. செரி, போச்சாது, உடு” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

‘மாமா, நிசமாவே பால் இல்லீங்க’ என்று கூப்பிட்டுச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பாலை உள்ளே வைத்துக்கொண்டு, வாசலில் வந்து நின்றவருக்கு ஒரு வாய் டீ கொடுக்காத கொடுமைக்காரி என்றே நினைத்துக்கொண்டு போகட்டும். அடுப்பு அவிந்த கடை என்று தெரிந்துகொண்டு போவதற்கு அது எவ்வளவோ மேல். அவர் சுவர் ஓட்டையில் குனிந்து அந்தப் பக்கம் போகிற வரைக்கும், உள்ளே ஏதோ வேலை இருக்கிற மாதிரி காலி டம்ளர்களைக் கழுவுகிற சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.