ஏழு பெட்டி, ஆறு மூக்கு

அவளுக்கு நோண்டி என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய அக்காதான். நன்றாக ஓடிய கடிகாரத்தை, ஏன் ஓடுகிறது என்று கழற்றிப் பார்த்த பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஐம்பது வயது தாண்டியும் குணம் மாறவில்லை. வீட்டு முன்னறையில் பாதி அவளுடைய ரிப்பேர் மேசை, மீதி அவள் கணவரின் தையல் மெஷின். அவர் தைப்பார், இவள் பிரிப்பாள். எப்படியோ குடும்பம் ஓடியது.

அவள் பிழைப்பே ஒரு பழைய ஆசிலோஸ்கோப்பை நம்பித்தான். மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் கருவி அது. அதன் தாய்ப்பெட்டியில் வேலைக்கேற்றபடி சின்னப் பெட்டிகளைச் செருகிக்கொள்ளலாம். தாய்ப்பெட்டி போனால் இன்னொன்று கிடைக்காது, கடையைக் கட்ட வேண்டியதுதான்.

மூடிப்போன தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஏழு சின்னப் பெட்டிகள் வந்தன. அவற்றில் ஆறு உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தன. அந்தத் தொழிற்சாலையின் தாய்ப்பெட்டிக்கென்றே செய்தவை என்பதால், பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் மூக்கு துருத்திக்கொண்டு தடுத்தது. ஏழாவதற்கு மூக்கில்லை. அது சாதாரண ரகம், அப்படியே செருகலாம் என்று ஓரமாக வைத்தாள்.

“மூக்க வெட்டிட்டா உள்ள போயிடுமேம்மா,” என்றார் கணவர்.

“ஏன் வச்சான்னு தெரியாம வெட்டலாமாங்க?”

நோண்டி நோண்டிக் கண்டுபிடித்தேவிட்டாள். மூக்கில் ஒரு பள்ளம் இருந்தால் உள்ளே ஒரு ஒயரை இடம் மாற்றினால் போதும். இரண்டு பள்ளம் என்றால் மின்சாரம் வரும் ஒயரையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தாய்ப்பெட்டி புகைந்துவிடும். அந்தச் சந்தோஷத்தோடு காய்கறி வாங்கப் போனாள்.

திரும்பி வந்தால் ஏழு பெட்டியும் மேசையில் கலந்து கிடந்தன, மூக்கிருந்த ஆறும் மூக்கறுந்து. கையில் கட்டிங் பிளேயரோடு கணவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

“உனக்கு வேலை மிச்சம்.”

வந்ததே கோபம் அவளுக்கு! “உங்கள யாரு கேட்டா? எதுல எத்தன பள்ளம்னு இப்ப எப்படித் தெரியும்? ஒண்ணு தப்பா சொருகினாலும் என் பொழப்பு போச்சு.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. பட்டன் டப்பாவை நீட்டினார். துண்டுத் துணியைக்கூட எறியாத மனிதர், மூக்குகளையும் எறியாமல் அதில் போட்டு வைத்திருந்தார்.

லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எந்த மூக்கின் விளிம்பு, பெட்டியில் மிஞ்சிய எந்த அடிக்கட்டையோடு பொருந்துகிறது என்று வைத்து வைத்துப் பார்த்ததில் கோபம் போன இடம் தெரியவில்லை. ஆறு மூக்கும் ஆறு பெட்டியோடு சேர்ந்தன. ஆனால் ஏழாவதிலும் ஓர் அடிக்கட்டை இருந்தது.

“ஒண்ணத் தொலைச்சிட்டீங்களா?”

“ஆறுதான் வெட்டினேன். அதுல வெட்ட ஒண்ணுமே இல்லையே.”

லென்ஸை நெருக்கிப் பிடித்தாள். மற்றவை புது வெட்டு, வெள்ளையாக இருந்தன. இது மஞ்சளேறியிருந்தது. எப்போதோ யாரோ மூக்கை வெட்டி அரத்தால் ராவிவிட்ட இடம். பெட்டியைத் திறந்தாள். உள்ளே மின்சார ஒயர், தொழிற்சாலைக்கென்று வைத்த பழைய இடத்திலேயே இருந்தது. மூக்கை வெட்டியவன் அதைத் தொடவே இல்லை.

பெட்டியைத் தாய்ப்பெட்டியிலிருந்து தள்ளி வைத்தாள். சமையல் முடிந்ததும் முதலில் செருக வைத்திருந்தது அதைத்தான்.

“இன்னும் கோவமா?” என்றார் அவர்.

“நீங்க மத்தத வெட்டலன்னா, நான் இதப் பாத்திருக்கவே மாட்டேன். இந்நேரம் தாய்ப்பெட்டி எரிஞ்சிருக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு.”

“அப்ப நான் செஞ்சது நல்லதுதானே?”

“தப்புதான்,” என்றாள். ஒயரை மாற்றிப் பற்றவைத்து, மூடி, பெட்டியை அவர் கையிலேயே கொடுத்தாள். “இந்தாங்க, நீங்களே சொருகுங்க.”

அவர் மெல்ல மெல்லச் செருகினார். பச்சைக் கோடு எழும்பும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை.